குட்டைத் துப்பாக்கியும் கேளாத காதும்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு வழியாகப் பொன்முடிக்குப் போகும் சாலையில் வித்துரா வரை வந்திருக்கும் அன்பர்களுக்கு எங்கள் ஊரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பகலில் பார்த்தால் ரப்பர் மரமும் வாழையும் மரச்சீனியும் மலைச்சரிவுமாகக் கண்ணுக்குக் குளிர்ச்சியான ஊர். இரவில்தான் இந்த ஊரின் இன்னொரு முகம் தெரியும். கிழக்கே காடு, காட்டிலிருந்து இறங்கி வரும் பன்றிக் கூட்டம். ஆறு மாதம் பாடுபட்டு வளர்த்த மரச்சீனி ஒரே இரவில் தலைகீழாகக் கிடக்கும். அதிகாலையில் பால்வெட்டுக்குப் போகிற பெண்கள் கையில் ஒரு டார்ச்சும் வாயில் ஒரு சாமி பெயருமாகத்தான் நடக்கிறார்கள்.

இந்தப் பகுதியில் நம்மவர்கள் பல தலைமுறையாக இருக்கிறார்கள். தேயிலைத் தோட்டங்களுக்கு அந்தக் காலத்தில் வந்தவர்கள், பிறகு குமரி மாவட்டத்திலிருந்து ரப்பர் வெட்டவும் கடை வைக்கவும் வந்தவர்கள் என்று தமிழ்க் குடும்பங்கள் மலையடிவாரம் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. ஆகவே பன்றித் தொல்லை நம் வீட்டுத் தொல்லையும்தான். அதைச் சுடுகிற துப்பாக்கியைப் பற்றியும் நாம் பேசத்தான் வேண்டும்.

அண்மையில் நம்மவர் சிலர் குடும்பத்தோடு கூடியிருந்தபோது, சாப்பாட்டுக்குப் பிறகு ஆண்கள் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். துப்பாக்கி உரிமம் வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் அலுத்துக்கொண்டார்.

"தம்பி, இந்த முப்பது இஞ்சுக் குழலைத் தூக்கிட்டு ரப்பர் விளைக்குள்ள திரும்பவே முடியல்ல. கொடியில மாட்டும், கம்பியில மாட்டும். இருபது இஞ்சில ஒண்ணு இருந்தா எவ்வளவு சௌகரியம்! குழல்ல பத்து இஞ்சு குறைஞ்சா என்ன குடியா முழுகிடும்?"

பக்கத்தில் இருந்த இன்னொருவர், "இருக்கிறதையே நறுக்கிட்டாப் போச்சு அண்ணாச்சி, பட்டறையில அரை மணி நேர வேலை" என்று சொல்லிச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைச் சொல்வதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2022 மே மாதம் கேரள அரசு ஒரு முடிவெடுத்தது. பயிரையும் மனிதரையும் தாக்கும் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரம் உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கிடைத்தது. உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருப்பவர்களைப் பட்டியலிட்டு, தேவைப்படும்போது பஞ்சாயத்து அழைக்கலாம். தமிழ்நாட்டிலும் 2025 ஜனவரியில், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினர் சுட அனுமதி கிடைத்தது. ஆக, பெட்டியில் துணி சுற்றிக் கிடந்த பழைய துப்பாக்கிகளுக்கு மீண்டும் வேலை வந்திருக்கிறது. அந்த வேலையைச் செய்பவர்கள் பெரும்பாலும் ஐம்பது, அறுபது வயதைக் கடந்த உரிமதாரர்கள். அவர்களோடு இரவில் டார்ச் பிடித்துக்கொண்டு போகிறவர்கள் தோட்டத்தில் கூலிவேலை செய்யும் இளைஞர்கள். இந்த இரண்டாவது கூட்டத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கடைசியில் அவர்களிடம்தான் வரப்போகிறேன்.

இப்போது அண்ணாச்சியின் கேள்விக்கு வருவோம். குழல் குறைந்தால் என்ன ஆகும்?

துப்பாக்கி வெடிக்கும்போது தோட்டாவுக்குள் இருக்கும் மருந்து எரிந்து வாயுவாகிறது. அந்த வாயு விரியப் பார்க்கிறது. விரியும்போது குண்டையோ ரவையையோ முன்னால் தள்ளுகிறது. குழல் நீளமாக இருந்தால் வாயு உள்ளேயே நன்றாக விரிந்து, வேலையைச் செய்து முடித்து, அழுத்தம் தணிந்து வெளியே வரும். குழல் குட்டையாக இருந்தால் வேலை பாதியில் இருக்கும்போதே வாசல் திறந்துவிடும். மிச்சமிருக்கும் அழுத்தம் முழுவதும் வெளிக்காற்றில் ஒரே அறையாக அறைகிறது. அந்த அறைதான் நாம் கேட்கும் வெடிச்சத்தம். சுடுபவரின் முகத்திலும் நெஞ்சிலும் படும் காற்றடியும், இரவில் குழல் வாயில் பளிச்சிடும் தீயும் அதே வாயுவின் வேலைதான்.

கோலி சோடாவை நினைத்துக்கொள்ளுங்கள். விரலால் மெதுவாக அழுத்தி வாயுவை விட்டால் 'புஸ்' என்று போகும். ஒரே குத்தாகக் குத்தினால் கடை முழுக்கக் கேட்கும். உள்ளே இருந்தது ஒரே வாயுதான். வெளியே விட்ட விதம்தான் வேறு. இன்னும் பக்கத்தில் ஓர் உதாரணம் வேண்டுமானால் கேரளக் கோயில்களில் கதினா வெடி போடுவதைப் பாருங்கள். குட்டையான இரும்புக் குழல், அதில் இடித்து நிரப்பிய மருந்து, குண்டே கிடையாது. மருந்தின் சக்தி எதையும் தள்ளிக்கொண்டு போக வேண்டியதில்லை. சத்தமாக வெளியேறுவதுதான் அதன் ஒரே வேலை. துப்பாக்கிக் குழலைக் குறைத்துக்கொண்டே போனால் அதுவும் சிறிது சிறிதாகக் கதினாவின் குணத்தை அடைகிறது என்று சொன்னால் மிகையல்ல.

இது பள்ளிக்கூடப் பாடம் மட்டுமல்ல, உலகம் பட்டு அறிந்த பாடம். நம் வீட்டுப் பெரியவர்கள் பலருக்கு .303 துப்பாக்கியைத் தெரியும். போலீஸ்காரர் தோளில் நெடுங்காலம் தொங்கிய லீ என்ஃபீல்டு அதுதான். அதன் குழல் நீளம் 25.2 அங்குலம், எடை 4 கிலோவுக்கு மேல். இரண்டாம் உலகப்போரின் கடைசிக் கட்டத்தில், காட்டுக்குள் தூக்கித் திரிய இது நீளம், கனம் என்று கருதி, 1944-இல் பிரிட்டிஷார் அதையே குட்டையாக்கினார்கள். குழல் சுமார் 18.75 அங்குலம், எடை 3.2 கிலோ அளவு. பெயரே 'ஜங்கிள் கார்பைன்'. நம் அண்ணாச்சி கேட்கிற பொருள் இதுதான்!

என்ன ஆயிற்று? தோட்டா மட்டும் பழைய .303 தோட்டாவே. நீண்ட குழலுக்கென்று அமைந்த மருந்து குட்டைக் குழலில் வெடித்தபோது சத்தமும் தீப்பிழம்பும் மிகுந்தன. தீயை மறைக்கக் குழல் வாயில் புனல் போன்ற ஒரு மூடியைப் பொருத்த வேண்டியிருந்தது. எடை குறைந்ததால் தோளில் பின்னடி பலமாக விழுந்தது. அதற்கு ரப்பர் பட்டை வைத்தார்கள். குறி ஒரே இடத்தில் நிற்பதில்லை என்றும் புகார் எழுந்தது. 1947-இல் அதன் உற்பத்தியே நின்றுவிட்டது. 1948-இல் தொடங்கிய மலாயா அவசரகாலத்தில் அதே துப்பாக்கி அங்குள்ள ரப்பர்க் காடுகளில் பயன்பட்டது. அந்தத் தோட்டங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர்களில் பெரும்பகுதி நம் தமிழர்கள்தானே! அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்த முதியவர் எவராவது உங்கள் உறவில் இருந்தால் விசாரித்துப் பாருங்கள்.

இதற்கு நேர்மாறான உதாரணம் நம் பிள்ளைகளிடம் இருக்கிறது. என்.சி.சி.யில் சேர்ந்த பிள்ளைகள் .22 ரைபிளால் சுட்டிருப்பார்கள். அதில் மருந்து மிகக் கொஞ்சம், குழலோ நீளம். மருந்து எரிந்து முடிந்து, அழுத்தம் பெரும்பாலும் தணிந்த பிறகே குண்டு வெளியேறும். அதனால்தான் அது 'டப்' என்ற அளவில் நிற்கிறது. மருந்துக்கு ஏற்ற குழல் என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

"இராணுவமே குட்டைத் துப்பாக்கிக்குத்தானே போய்க்கொண்டிருக்கிறது?" என்று ஒரு தம்பி அன்று கேட்டார். நியாயமான கேள்வி. நம் இராணுவம் வைத்திருந்த எஸ்.எல்.ஆர். துப்பாக்கியின் குழல் 533 மில்லிமீட்டர். பின்னால் வந்த இன்சாஸ் 464. இப்போது வரும் ஏ.கே. 203-இல் 415. குறைந்துகொண்டேதான் வருகிறது. ஆனால் எஸ்.எல்.ஆருக்குப் பின் வந்தவற்றில் தோட்டாவும் சிறியதாகிவிட்டது என்பதை மறக்கக் கூடாது. வண்டிக்குள் ஏறவும் வீட்டுக்குள் நுழையவும் வேண்டியிருப்பதால், தெரிந்தேதான் அவர்கள் அந்தச் சத்தத்தை ஏற்கிறார்கள். அதற்கு விலையும் கொடுக்கிறார்கள். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்கள் உதவித்தொகை பெறும் குறைபாடுகளில் முதலிடம் காதிரைச்சலுக்குத்தான்; கேள்விக்குறைவும் அதை ஒட்டியே வருகிறது. பன்றியை விரட்டப் போகும் நமக்கு அந்த விலையைக் கொடுக்க வேண்டிய அவசியம் என்ன?

சரி, நம் ஊரில் இருப்பது ரைபிள் அல்ல. பெரும்பாலும் 12 போர் இரட்டைக்குழல். அதற்கும் இது பொருந்துமா? பொருந்தும்; ஆனால் அளவு வேறு. நேர்மையாக அதையும் சொல்லிவிட வேண்டும். .303 போன்ற ரைபிளில் உள்ளே எழும் அழுத்தம் சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல 3000 மடங்குக்கும் மேல். 12 போரில் 700 மடங்கை ஒட்டித்தான். மருந்தும் குழலின் முற்பகுதியிலேயே பெரும்பாலும் எரிந்து முடிந்துவிடும். ஆகவே 30 அங்குலத்துக்குப் பதில் 28 அல்லது 26 அங்குலக் குழல் என்றால் வேகத்திலும் சத்தத்திலும் பெரிய வித்தியாசம் தெரியாது. அந்த அளவுக்கு அண்ணாச்சி சொல்வது சரி. நீளம் கூடினால் எல்லாம் நன்மை என்று நான் வாதிட வரவில்லை.

ஆனால் 20 அங்குலத்துக்கு இறங்கும்போது இரண்டு சங்கதிகள் சேர்ந்து வருகின்றன. ஒன்று, வெளியேறும் வாயுவில் அழுத்தம் கூடுகிறது. இரண்டு, குழல் வாய் காதுக்கு நெருங்குகிறது. 30 அங்குலத் துப்பாக்கியில் சுடுபவரின் காதுக்கும் குழல் வாய்க்கும் ஏறத்தாழ 106 சென்டிமீட்டர் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். 10 அங்குலம் குறைத்தால் அது 81 ஆகிறது. நெருங்கிய இந்தத் தூரத்தால் மட்டும் 2 டெசிபலுக்குச் சற்று மேல் கூடும். கேட்பதற்குச் சிறிய எண்தான். ஆனால் டெசிபல் கணக்கு கடைத்தெருக் கணக்கு அல்ல. 3 டெசிபல் கூடினால் ஒலியின் சக்தி இரட்டிப்பாகிறது, 10 கூடினால் பத்து மடங்காகிறது. திடீர் வெடிச்சத்தத்துக்குப் பெரியவர்களின் காதுக்கு 140 டெசிபல் எல்லை என்றும், குழந்தைகளுக்கு 120 என்றும் மருத்துவ உலகம் வகுத்திருக்கிறது. 12 போர் துப்பாக்கி நீளக் குழலிலேயே 150-ஐத் தாண்டும். ஏற்கெனவே எல்லை கடந்த இடத்தில் நின்றுகொண்டு இன்னும் ஓர் அடி முன்னால் வைப்பானேன் என்பதே என் கேள்வி.

கையாளும் வசதியைப் பற்றியும் பார்ப்போம். நெருங்கிய புதரில் நீளக்குழல் தொல்லைதான், மறுக்கவில்லை. ஆனால் இரட்டைக்குழல் துப்பாக்கியில் மடிந்து திறக்கும் பூட்டுப் பகுதி மிகவும் குட்டை. அதனால் 28 அங்குலக் குழல் இரட்டைத் துப்பாக்கியும் 24 அங்குலக் குழல் உள்ள 'பம்ப்' துப்பாக்கியும் மொத்த நீளத்தில் ஏறக்குறைய ஒன்றாகவே வரும். குழலை அளப்பதை விட்டுவிட்டுத் துப்பாக்கியை முழுதாக அளந்து பாருங்கள். நினைத்த அளவு நீளம் இருக்காது. முன்பக்கம் சற்றுக் கனமாக இருந்தால், ஓடும் பன்றியைத் தொடர்ந்து குறி வைக்கும்போது கை சீராகச் செல்லும். குட்டைத் துப்பாக்கி சட்டென்று திரும்பும்; அந்த வேகத்திலேயே சட்டென்று தவறான பக்கமும் திரும்பும். இருட்டில் சரிவில் கால் வழுக்கினால் அதன் வாய் துணைக்கு வந்தவரைப் பார்த்து நிற்க ஒரு நொடி போதும்.

நறுக்கிவிடலாம் என்று சிரித்தாரே, அவருக்கு இரண்டு வார்த்தை. 12 போர் குழலின் வாய்ப்பக்கத்தில், கடைசிச் சில அங்குலத்தில்தான் துவாரம் சற்றுக் குறுகியிருக்கும். 'சோக்' என்பார்கள். ரவை சிதறாமல் கொத்தாகப் போவதற்காக வைத்த ஏற்பாடு அது. குழலை நறுக்கினால் முதலில் போவது அதுதான். ரவை அகலமாகச் சிதறும். பன்றி சாகாது, காயத்தோடு புதரில் படுத்திருக்கும். காலையில் ரப்பர் வெட்ட முதலில் அந்த வழியாகப் போகிறவர் யார்? உங்கள் வீட்டுப் பெண்ணாகவும் இருக்கலாம், என் வீட்டுப் பெண்ணாகவும் இருக்கலாம். சட்டமும் சும்மா இருக்காது. 1959 ஆயுதச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, தனி உரிமம் இல்லாமல் குழலைக் குறைப்பதைத் தடுக்கிறது, மீறினால் சிறை. 20 அங்குலத்துக்குக் குறைந்த குழலுள்ள வேட்டைத் துப்பாக்கிகளை ஆயுத விதிகள் மிகக் கடுமையான வகையில் சேர்த்திருக்கின்றன. ஒளித்து எடுத்துச் செல்ல உதவும் ஆயுதம் என்பதே அந்தத் தடைக்குக் காரணம். காதுக்கும் அந்தத் தடை நன்மைதான்.

சத்தத்தை அடக்கும் கருவியைப் பொருத்தலாமே என்று சிலர் கேட்கக்கூடும். பின்லாந்து, நார்வே, நியூசிலாந்து போன்ற நாடுகளில் வேட்டைக்காரர்கள் அதைச் சாதாரணமாகப் பயன்படுத்துகிறார்கள். நம் நாட்டில் அதற்கு இடமில்லை. ஆகவே நமக்கு எஞ்சியிருப்பது இரண்டு வழிதான்: குழலைக் குறைக்காமல் இருப்பது, காதை மூடுவது.

இவ்வளவு அக்கறை இவனுக்கு எங்கிருந்து வந்தது என்று வாசகர்கள் நினைக்கலாம். என் அப்பா மலைத்தோட்டம் ஒன்றில் இருபது ஆண்டுக்கு மேல் இரவுக் காவல் பார்த்தவர். ஒற்றைக்குழல் துப்பாக்கி; வலது தோளில் வைத்துச் சுடுவார். நான் பள்ளியில் படிக்கும் காலத்திலேயே, அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் வலது பக்கமாகப் போய்த்தான் சொல்ல வேண்டும். இடது பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்ப மாட்டார். கவனிக்காமல் இருக்கிறார் என்று நாங்கள் கோபித்துக்கொண்டதும் உண்டு. வெகு காலம் கழித்துக் காது மருத்துவர் ஒருவர் எனக்கு விளக்கினார்: வலது தோளில் வைத்துச் சுடும்போது வலது காது தலையின் மறைவில் போய்விடும், இடது காதுதான் குழல் வாயைப் பார்த்து நிற்கும். அதனால் இடது காது முதலில் கெடுகிறது. இது உலகம் முழுவதும் நீளத் துப்பாக்கி சுடுபவர்களிடம் காணப்படும் அடையாளம்.

காது உள்ளே நத்தை ஓடு போன்ற பகுதியில் இருக்கும் நுண்ணிய முடிச் செல்கள் ஒருமுறை செத்தால் மறுபடி முளைப்பதில்லை. முதலில் போவது உயர்ந்த சுருதி ஒலிகள். பேச்சு கேட்கும், எழுத்து பிரியாது. 'காசு' என்றதும் 'காது' என்றதும் ஒன்றாகவே கேட்கும். காதில் ஓயாத வண்டு இரைச்சல் வேறு. கடைசிக் காலத்தில் அப்பா பேரப்பிள்ளைகளுடன் பேசுவதையே குறைத்துக்கொண்டார். கேட்டதையே திரும்பக் கேட்க வெட்கம். அந்த வெட்கத்தை யாரும் பார்த்து அனுதாபப்படவில்லை. கண் தெரியாதவரைக் கண்டால் கை கொடுக்கிறோம். காது கேளாதவரைக் கண்டால் சிரிக்கிறோம். இதுதானே நம் வழக்கம்?

இப்போது அந்த இரண்டாவது கூட்டத்துக்கு வருகிறேன். வெடியின் அதிர்வு எல்லாப் பக்கமும் ஒரே அளவில் போவதில்லை. குழல் நோக்கும் திசையில் மிக அதிகம், பக்கவாட்டில் அதற்கு அடுத்து, பின்னால்தான் குறைவு. துப்பாக்கிக்காரர் பின்னால் நிற்கிறார். டார்ச் பிடிக்கும் இளைஞர் எங்கே நிற்கிறார்? பெரும்பாலும் பக்கத்தில், சில வேளை ஓரடி முன்னால். ஆகவே சுடுபவரைவிட அதிகமான அடி அவர் காதில் விழுகிறது. குழல் குட்டையானால் துப்பாக்கிக்காரருக்குக் கை வசதி. அதற்கான விலையில் பெரும்பங்கைக் கொடுப்பவர் டார்ச் பிடிப்பவர். துப்பாக்கிக்காரரின் பெயர் பஞ்சாயத்துப் பட்டியலில் இருக்கிறது. இவர் பெயர் எங்கும் இல்லை. நாளைக்குக் காது போனால் கேட்க ஆளும் இல்லை. அந்த இளைஞர்களில் பலர் லயங்களில் வளர்ந்த நம் பிள்ளைகள் என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

காதை மூடிக்கொண்டால் பன்றி வரும் அரவம் கேட்காதே என்பது அனுபவசாலிகளின் வாதம். உண்மைதான். அதற்கும் வழி இருக்கிறது. மெல்லிய ஒலியை உள்ளே விட்டு, வெடிச்சத்தத்தை மட்டும் தடுக்கும் மின்னணுக் காதுமூடிகள் கடைகளில் கிடைக்கின்றன. அது விலை அதிகம் என்றால், சாதாரணக் காதுமூடியை நெற்றிக்கு மேல் வைத்திருந்து, துப்பாக்கியை உயர்த்தும் முன் இருவரும் இறக்கிக்கொள்ளலாம். சரியாகப் பொருத்தினால் 20 முதல் 30 டெசிபல் வரை குறையும். பஞ்சுருண்டையை நம்ப வேண்டாம். அது மனத்துக்கு ஆறுதலே தவிர காதுக்குக் காவல் அல்ல.

ஆகவே நான் கேட்பது பெரிய காரியம் ஒன்றுமில்லை. பன்றி சுட ஆளை அழைக்கும் எந்தப் பஞ்சாயத்தும் சுடுபவருக்கு ஒன்று, துணைக்கு வருபவருக்கு ஒன்று என இரண்டு காதுமூடிகளைத் தன் செலவில் கொடுக்கட்டும். துணைக்கு வருபவரின் பெயரையும் பதிவேட்டில் எழுதட்டும். டார்ச் பிடிப்பவர் சுடுபவரின் தோளுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும் என்பதை எழுத்திலேயே நிபந்தனையாக்கட்டும். ஆண்டுக்கொருமுறை இவர்களுக்குக் காது பரிசோதனை நடக்கட்டும். திருவனந்தபுரம் ஆக்குளத்தில் 1997 முதல் 'நிஷ்' என்ற தேசியப் பேச்சு, கேள்வி நிறுவனம் இருக்கிறது. மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. வித்துராவிலிருந்து ஒரு நாள் பயணம்தான். நம் சங்கம் ஆண்டுதோறும் கண் முகாம் நடத்தத் தயங்குவதில்லையே, ஒருமுறை காது முகாமும் நடத்தினால் என்ன?

உரிமம் வைத்திருக்கும் அண்ணாச்சிகளுக்கும் ஒரு வேண்டுகோள். புதிதாக வாங்குவதென்றால் 26 அல்லது 28 அங்குலத்தோடு நில்லுங்கள். கைக்கு அடங்கவில்லை என்றால் குழலைப் பழிக்கும் முன், பின்னால் இருக்கும் கட்டை உங்கள் கை நீளத்துக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். பாதித் தொல்லை அங்கேதான் இருக்கும். கையில் இருக்கும் பழைய துப்பாக்கியில் அரம் பட வேண்டாம்.

வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு மொழிதான் முதல் சொத்து என்று ஒவ்வொரு ஆண்டு விழாவிலும் மேடையேறிச் சொல்கிறோம். அந்த மொழி பேரப்பிள்ளையின் வாயிலிருந்து தாத்தாவுக்குப் போய்ச் சேர வேண்டுமானால் நடுவில் ஒரு காது வேண்டும். என் அப்பாவின் இடது காது போன பிறகு, அவருடைய அந்தப் பக்கத்தில் உட்கார்ந்து தமிழ் பேசிய பிள்ளைகளுக்குப் பதில் கிடைக்கவில்லை. இன்று இரவு மலையடிவாரத்தில் டார்ச் பிடித்து நிற்கப்போகும் தம்பிக்காவது அப்படி நேராமல் பார்த்துக்கொள்வோம்.